மஹிந்திரா ஜீப்: மலை ரோட்டில் இத்தனை வருஷம் இது தாக்குப்பிடித்தது எப்படி?

குரங்கணிக்காரன்

மஹிந்திராவின் புதுத் ‘தார்’ வண்டி வந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. ஆற்றில் இறக்குகிறார்கள், மணலில் ஏற்றுகிறார்கள், வீடியோ போடுகிறார்கள். எனக்கும் பிடித்த வண்டிதான். ஆனால் அதன் அப்பனும் பாட்டனும் எங்கள் பக்கத்து மலைகளில் இன்னும் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் பேச ஒரு இடம் வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அதற்குத்தான் இந்த இழை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், வண்டி ஏறுகிற பாதை கேரளப் பக்கம். உயரம் ஏழாயிரம் அடிக்கு மேல். பாதை முழுக்கத் தலை தலையாகக் கல், கல்லுக்கு நடுவே மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம். காரையெல்லாம் கீழேயே நிறுத்திவிட வேண்டியதுதான். விடியுமுன்னே சூரியநெல்லியில் வரிசையாக நிற்பவை மஹிந்திராவின் கமாண்டர், மேஜர் ஜீப்புகள்.

மோசமான முதல் ஏற்றம் வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்துவார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டிக் கம்பியை இழுத்து முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பார், லோவில், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடுகிற கியரில் போடுவார், கிளட்சை விடுவார். அதற்கப்புறம் ஆக்ஸிலேட்டரில் கால் லேசாகத்தான் பட்டிருக்கும். ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கும். கல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றுவார். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கல்லை விட்டால் ஆக்ஸிலில் தாழ்ந்து நிற்கிற கிரவுன் ஹவுசிங் என்ற பல்சக்கரப் பெட்டியில் அடிக்கும், அதனால்தான். முதல் தடவை பார்ப்பவருக்கு, ‘ஏன் இந்த ஆள் கல்லைத் தேடிப் போய் ஏற்றுகிறார்’ என்றுதான் தோன்றும்.

ஜீப்பின் பலம் எஞ்சினில் இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீலில் இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஊர்ப் பட்டறையில் பிரித்து மாட்ட முடிகிறது பாருங்கள், அதுதான் அதன் உண்மையான பலம் என்பது என் கருத்து. அது மட்டும் இல்லையென்றால் இந்த வண்டி எப்போதோ மலையிலிருந்து இறங்கியிருக்கும். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கல்வெட்டு

நல்ல இழை. பட்டறையில் பிரித்து மாட்டுகிற அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1940-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும், முதல் வண்டி 49 நாளில் கைக்கு வர வேண்டும். பெரிய கம்பெனிகள் பதிலே போடவில்லை. பென்சில்வேனியாவின் பட்லர் என்கிற ஊரில் திவாலாகிற நிலையில் இருந்த பாண்டம் கம்பெனி துணிந்து இறங்கியது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வெளியிலிருந்து கூட்டிவந்தார்கள். ஓரிரு நாளிலேயே வரைபடம் தயாரானது. செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிகிற நேரத்தில், ஹோலபேர்ட் முகாமில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எடை மட்டும் யாராலும் முடியாத எடை. ராணுவமே பிறகு அதைத் தளர்த்திக்கொண்டது.

அடுத்து நடந்ததைப் படித்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. பாண்டம் சின்னக் கம்பெனி, போருக்குத் தேவையான அளவில் செய்து கொடுக்க அதனால் முடியாது என்று ராணுவம் நினைத்தது. அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. வில்லிஸிடம் பார்னி ரூஸ் மெருகேற்றிய 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி எஞ்சின் இருந்தது, இழுவையில் மற்ற இரண்டையும் மிஞ்சியது. பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது, அதே வண்டியை ஃபோர்டும் செய்து கொடுத்தது. போர் முடிவதற்குள் இருவருமாக ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அதற்கப்புறம் அந்தத் தொழிற்சாலை ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்தது.

இனி குரங்கணிக்காரன் கேட்டதற்கு வருகிறேன். போர்க்களத்தில் உடைந்தால் அங்கேயே சரிசெய்தாக வேண்டும். இருபது வயதுப் பையன் ஒருவன், கையில் நாலு ஸ்பானர், சுற்றிலும் சேறு. இந்த ஜீப் அவனுக்காக வரைந்தது. தட்டையான ஃபெண்டர், தட்டையான கண்ணாடி, ஏணி மாதிரி சேசிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நாலு மூலையிலும் பட்டா ஸ்பிரிங். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கை போகிற இடத்தில். போடிப் பட்டறைக்காரருக்கு அது வசமானதில் ஆச்சரியம் இல்லை.

இந்தியாவுக்கு வந்த கதை சுருக்கமாக: ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து 1945-ல் ‘மஹிந்திரா அண்ட் முகமது’ தொடங்கினார்கள். இரும்பு வியாபாரம். கே.சி. போர்க்காலத்தில் வாஷிங்டனில் இந்திய சப்ளை மிஷனின் தலைவராக இருந்தவர், ஜீப் அவருக்குப் புதிதல்ல. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. 1940-களின் கடைசியில் வில்லிஸிடமிருந்து பாகம் பாகமாக வாங்கி மும்பை மஸகானில் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு இங்கேயே முழுதாகச் செய்தார்கள்.

நம் ஊரில் வேரூன்றிய சிஜே 3பி மாடல் அமெரிக்காவில் 1953-ல் வந்தது. பானெட் திண்ணை மாதிரி உயர்ந்து நிற்கும், ஏனென்றால் உள்ளே வைத்த புது ஹரிக்கேன் எஞ்சின் உயரமானது. அமெரிக்காவில் 1968-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் அந்த உருவம் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் ஓடியது. ஜப்பானில் மிட்சுபிஷிகூட அதே வம்சத்து ஜீப்பை 1998 வரை செய்தது.

பழைய_பட்டறை

தம்பிகளா, நான் கம்பத்துல பட்டறை வச்சிருந்தவன். இப்ப பையன் பாக்குறான். கல்வெட்டு தம்பி சொன்ன ஹரிக்கேன் எஞ்சினை கையால தொட்டு வேலை பாத்திருக்கேன், அதனால எழுதுறேன்.

அந்த எஞ்சின்ல இன்டேக் வால்வு மேல ஹெட்டுல இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்குல இருக்கும். ஓடுறது பட்டு மாதிரி ஓடும். ஆனா பெட்ரோலை மொடாக் கணக்குல குடிக்கும். 1973-க்கு அப்புறம் எண்ணெய் விலை ஏறுனதும் தோட்டத்துக்காரங்க கட்டுப்படி ஆகலைன்னு சொல்லிட்டாங்க. கம்பெனியே டிராக்டர்ல வச்சிருந்த இன்டர்நேஷனல் டீசல் எஞ்சினை எடுத்து ஜீப்புல வச்சுச்சு. சத்தம் காது கிழியும், வண்டி நின்ன இடத்துலயே நடுங்கும். ஆனா கீழ் ஆர்.பி.எம்-ல இழுவைன்னா அப்படி ஒரு இழுவை. தோட்டத்துல டிராக்டர் பாத்த மெக்கானிக்கு அந்த எஞ்சினை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்ல, அதே ஃபில்டர், அதே நாசில். மலைக்காட்டுல டீசல் ஜீப்பு நிலைச்சதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்லுவேன்.

அப்புறம் ஃபிரெஞ்சுக்காரன் பியூஜோகிட்ட 1979-ல உரிமம் வாங்கி 2.1 லிட்டர் டீசல் எஞ்சின் செஞ்சாங்க. எக்ஸ்டிபி 4.90ன்னு பேரு, 62 குதிரைசக்தி. எம்எம் 540 ஜீப்புல வந்தது அது. டிராக்டர் எஞ்சினோட ஒப்பிட்டா ரொம்ப அமைதி. காலையில ஹீட்டர் பிளக் சூடாகுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் பண்ணணும். பனிக்காலத்துல அந்தப் பொறுமை இல்லாதவன் பேட்டரியைத்தான் சாகடிப்பான். பின்னாடி வந்த டி.ஐ. எஞ்சின், டீசலை நேரா சிலிண்டருக்குள்ள பீய்ச்சுறது, மைலேஜ்ல கெட்டி, சத்தத்துலயும் கெட்டி. கமாண்டர்ல நெறைய அதுதான்.

கியர் பத்தி ஒண்ணு. பழைய மூணு கியர் பெட்டியில ஃபர்ஸ்டுக்கு சிங்க்ரோமெஷ், அதான் பல்லு மோதாம கோக்குற அமைப்பு, கெடையாது. ஓடிக்கிட்டிருக்கும்போது ஃபர்ஸ்டுக்கு இறக்கணும்னா கிளட்சை ரெண்டு தரம் மிதிக்கணும், நடுவுல நியூட்ரல்ல விட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஏத்திக்கணும். இல்லேன்னா கரகரன்னு பல்லு கத்தும். அந்தக் காலத்து டிரைவருக்குப் போடிமெட்டுல பதினேழு கொண்டை ஊசி வளைவும் பாடம். இறங்கும்போது பிரேக்கை நம்ப மாட்டாங்க, செகண்டுலயே கட்டி இறக்குவாங்க. நாலும் டிரம் பிரேக், சூடேறுச்சுன்னா பெடல் மிதிக்க மிதிக்க வண்டி போய்க்கிட்டே இருக்கும்.

ஓஎம்ஆர்_தார்

பழையதைப் புகழ்வது எனக்கும் சந்தோஷம். ஆனால் ‘பட்டறையில் பிரிக்க முடிந்தால்தான் ஜீப்’ என்று ஒரு கோடு போட்டால் 2020 தாரை வெளியே தள்ளுவதாக ஆகிவிடும். அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

வாகனத் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 2010-ல் வந்த முதல் தார் உண்மையில் பழைய எம்எம் வண்டிகளின் தொடர்ச்சி. பின்னால் அதே பட்டா, உடலும் அதே பாணி. சிஆர்டிஇ டீசல் எஞ்சினும் முன்னால் தனித்தனி சஸ்பென்ஷனும் புதிது. 2020 தார் அடியிலிருந்து புதிதாக வரைந்தது. அந்த வேலையின் மையம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா சிட்டியில் இருக்கிற ஆராய்ச்சி மையம். வண்டி கட்டுவது நாசிக்கில். நம் ஊர்ப் பொறியாளர்கள் பலர் உழைத்த வண்டி என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும், பின்னால் முழு ஆக்ஸில்தான் இருக்கிறது, காயில் ஸ்பிரிங்கில் நிற்கிறது. லோ கியருக்குக் கையால் இழுக்கிற கம்பியை விடாமல் வைத்திருக்கிறார்கள். பட்டனில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம். ஏலத்தில் முதல் வண்டி 1.11 கோடிக்குப் போய் அந்தப் பணம் கோவிட் நிவாரணத்துக்குக் கொடுக்கப்பட்டது. வெறும் விளம்பரத்தால் ஒரு வண்டிக்கு இவ்வளவு ஆசை வராது.

சென்சார் போனால் கம்பத்தில் சரிசெய்ய முடியாது, உண்மை. ஆனால் பனியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாகமண் போகும்போது எனக்கு ஏர்பேக் வேண்டும், ஏபிஎஸ் வேண்டும்.

ஏலக்காட்டு_மகள்

எல்லாரும் ஸ்டீயரிங் பிடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். நான் பின்னால் உட்கார்ந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனவர். கம்பம், கூடலூர், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக உடும்பன்சோலை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற சனம் எத்தனை என்று அந்த ரோட்டில் விடிகாலையில் நின்று பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் பொம்பளைகள். தூக்குவாளியில் சோறு, தலையில் சுற்றிய துண்டு, மடியில் வெற்றிலை. கமாண்டரின் பின்பக்கம் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. பெஞ்சில் இடம் முடிந்ததும் நடுவில் தரையில், அதற்கப்புறம் பின்படியில். உட்கார வேண்டிய கணக்குக்கு இரண்டு மடங்கு ஆள் சாதாரணம். பிடித்துக்கொள்ளத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிற இரும்புக் குழாய் மட்டும்தான். வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள், அடுத்த வளைவில் மறுபக்கம். மழைக்காலத்தில் தார்ப்பாய் ஓரம் ஒழுகி, தோட்டம் போய்ச் சேருமுன்னே பாதி பேர் நனைந்திருப்பார்கள்.

அந்த ரோடுகளில் ஜீப் கவிழ்ந்து கூலிக்காரர்கள் இறந்த செய்தி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ‘எதையும் தாங்கும் வண்டி’ என்று சொல்லிச் சொல்லியே தாங்க முடியாத அளவுக்கு ஏற்றினார்கள். வண்டி தாங்கியது. உள்ளே இருந்தவர்கள்?

ஜீப்பை நான் வெறுக்கவில்லை. பிரசவ வலி வந்த பெண்ணை நடுராத்திரியில் கீழே கொண்டுவந்து சேர்த்ததும் அதே ஜீப்தான். எங்கள் தெருவில் இன்றைக்கும் அந்த டிரைவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் இந்த வண்டியின் வரலாறு என்று எழுதினால் ராணுவமும் கம்பெனியும் மெக்கானிக்கும் மட்டும் வந்தால் போதாது. அது சுமந்தவர்களும் வர வேண்டும்.

குரங்கணிக்காரன்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இந்த இழையில் இது இருந்தே ஆக வேண்டும்.

ஒரு விவரம் சேர்க்கிறேன். ஆள் ஏற்றுகிற கமாண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபோர் வீல் கிடையாது, பின் சக்கர இழுவை மட்டும். 1990-களில் நாடு முழுக்கக் கிராமங்களில் பஸ் போகாத ரோட்டில் ஓடியவை அந்த நீள வண்டிகள்தான். கொழுக்குமலை மாதிரிப் பாதைக்கு வேண்டிய ஃபோர் வீல் வண்டி வேறு. இரண்டும் முகத்தில் ஒன்றாக இருப்பதால் ‘ஜீப் எங்கேயும் போகும்’ என்ற நம்பிக்கை ஃபோர் வீல் இல்லாத வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆள் ஏற்றுவதில் நடந்த அநியாயத்துக்கு அந்த நம்பிக்கைக்கும் பங்கு உண்டு.

//பனியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாகமண் போகும்போது எனக்கு ஏர்பேக் வேண்டும்//

நியாயம்தான் நண்பரே. அந்த ஏர்பேக் வேலைக்குப் போகிற பொம்பளைகளுக்கும் வேண்டும் என்பதுதான் அக்கா சொல்வது. 2020 தார் வந்தபோது ஆரம்ப விலையே 9.80 லட்சம். அது கூலி ஆள் ஏற்றுகிற வண்டி ஆகாது. அந்த வேலையை இப்போது பொலீரோவும் பிக்கப்பும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கின்றன.

ஹட்டன்_மலை

இலங்கையில இருந்து வாசிக்கிறன். எங்கட தேயிலைத் தோட்டங்கள்ல துரைமாருக்கு லேண்ட் ரோவர்தான். மஹிந்திரா பிறகுதான் வந்தது. எங்கட ஆக்களுக்கு ஜீப் எண்டால் இரண்டும் ஒண்டுதான். அது பெரிய பிழையும் இல்லை. லேண்ட் ரோவரும் வில்லிஸ் ஜீப்பில இருந்து பிறந்ததுதானே. ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ் வேல்ஸில ஆங்கில்சி தீவில இருந்த தன்ர பண்ணையில போர் முடிஞ்சு மிஞ்சின ஜீப் ஒண்டு வச்சிருந்தவர். அது பழுதானால் பதிலுக்கு என்ன வாங்குறது எண்ட யோசினையில தொடங்கினதுதான் லேண்ட் ரோவர். முதல் மாதிரி வண்டியை ஜீப் சேசிஸிலதான் கட்டினவை. 1948 ஏப்ரலில ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில வெளிவந்தது. போருக்குப் பிறகு இரும்புக்குத் தட்டுப்பாடு, அதால உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில செய்தவை. மலைநாட்டு மழையில துருப்பிடிக்காமல் நிண்டதுக்கு அதுதான் காரணம்.

பின்னால இருக்கிற ஆக்களைப் பற்றி அக்கா எழுதினது இங்கயும் அப்படியே பொருந்தும். இங்க லொறி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்வெட்டு

லேண்ட் ரோவரை ஹட்டன் நண்பர் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. இந்த உருவம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அமெரிக்காவில் சமீபத்தில் வழக்காகவே போனது.

மஹிந்திரா 2018-ல் அமெரிக்காவில் ராக்ஸர் என்ற சின்ன வண்டியை விற்க ஆரம்பித்தது. மிச்சிகனில் ஆபர்ன் ஹில்ஸில் பூட்டினார்கள். ரோட்டில் ஓட்ட முடியாது, பண்ணைக்கும் காட்டுக்கும் மட்டும். உருவத்தில் நம் ஊர் ஜீப்பேதான். ஜீப் பெயரை அப்போது வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர் உடனே சர்வதேச வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது: முகம் எங்களுடையது, பெட்டி மாதிரி உடல் எங்களுடையது என்று. 2020 ஜூனில் தீர்ப்பு மஹிந்திராவுக்கு எதிராக வந்தது. முகத்தை மாற்றி வடிவமைத்த பிறகுதான் விற்க முடிந்தது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். பாண்டம் முதல் வண்டியைச் செய்தது. ஒரே தகட்டை அழுத்தி எடுத்த கம்பி முகத்தை ஃபோர்டு செய்தது. அதைத்தான் வில்லிஸும் எடுத்துக்கொண்டது. ஜீப்பை உருவாக்கியதே தாங்கள்தான் என்று வில்லிஸ் விளம்பரம் செய்தபோது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே 1948-ல் அப்படிச் சொல்லக் கூடாது என்று உத்தரவிட்டது. பல கை பட்டு உருவான முகம் அது. வில்லிஸ் 1953-ல் கைசரிடம் போனது, 1970-ல் ஏஎம்சி, 1987-ல் கிறைஸ்லர். இத்தனை கை மாறிய காலம் முழுக்க, முறைப்படி உரிமம் வாங்கி, நிறுத்தாமல் அதே உருவத்தைச் செய்துவந்தது மும்பைக் கம்பெனி. சட்டத்தின் கணக்கு வேறு என்பது புரிகிறது. வரலாற்றின் கணக்கில் மஹிந்திராவுக்கு அந்த முகத்தில் பங்கு உண்டு என்றுதான் நான் சொல்வேன்.

ஓஎம்ஆர்_தார்

இதில் நான் உங்கள் கட்சி.

குரங்கணிக்காரன் சொன்ன விலைக் கணக்கையும் ஏற்றுக்கொள்கிறேன். பின்பெஞ்சு விஷயத்தில் ஒன்று மட்டும்: முன்பார்த்த சீட், பெல்ட், கவிழ்ந்தால் தாங்குகிற கூண்டு, இவையெல்லாம் முதலில் விலை உயர்ந்த வண்டியில் வந்து பிறகுதான் கீழே இறங்கும். ஐந்து கதவு தார் ராக்ஸுக்கு 2024-ல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். இந்த இறக்கம் வேகமாக நடக்க வேண்டும் என்பதில் ஏலக்காட்டு மகள் பக்கம்தான் நானும்.

ஜிப்சி_வாசகன்

மாருதி ஜிப்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இழை இவ்வளவு தூரம் வந்துவிட்டது! 1985-லிருந்து முப்பது வருஷத்துக்கும் மேல் உற்பத்தி. எடை குறைவு, பெட்ரோல் எஞ்சின், சேற்றில் புதையாமல் மிதந்து போகும். காட்டிலாகாவும் ராணுவமும் சும்மா வாங்கவில்லை. ராணுவம் ஜபல்பூரில் செய்த ஜோங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது நிசான் வம்சம்.

குரங்கணிக்காரன்

ஜிப்சி சேற்றில் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் பத்து மூட்டை ஏலக்காயோ உரமோ ஏற்றி ஏற்றத்தில் விட்டால் டீசல் ஜீப்தான். ஜிப்சிக்கும் ஜோங்காவுக்கும் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

மேகமலைத்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் புதியவன். பழைய எம்எம் 540 ஃபோர் வீல் ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். எங்கள் தோட்டத்துக்குக் கடைசிக் கொஞ்ச தூரம் மண் பாதை. சொந்த உபயோகத்துக்குத்தான். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? பட்டறை அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும். ஹரியானா டப்வாலியில் புதுசு மாதிரி செய்து தருகிறார்கள் என்று ஒருவர் சொல்கிறார், அங்கே போகலாமா?

பழைய_பட்டறை

தம்பி, மொதல்ல காகிதம், அப்புறந்தான் இரும்பு.

ஆர்.சி. புக்குல என்ன மாடல், என்ன எரிபொருள், எத்தனை சீட்டுன்னு பாரு. நெறைய ஜீப்பு பெட்ரோலா பொறந்து டீசலா வாழுது. புக்குல மாத்தாம எஞ்சினை மட்டும் மாத்தியிருந்தா தொடாத. ஃபோர் வீல் இல்லாத கமாண்டருக்கு முன் ஆக்ஸிலை மாட்டி ஃபோர் வீலுன்னு விக்கிறவங்களும் உண்டு. அனுமதி இல்லாம வண்டியோட அமைப்பை மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி தப்பு, 2019-ல உச்ச நீதிமன்றமும் அதைக் கறாரா சொல்லிருச்சு. டப்வாலிக்காரங்க கைவேலை அருமையான வேலைதான். ஆனா அங்க கட்டுற வண்டியில எது பழைய சேசிஸ், எது புது உடம்பு, எந்த நம்பர் எந்த வண்டியோடதுன்னு தெளிவா இல்லேன்னா இங்க ஆர்டிஓ ஆபீஸ்ல நீதான் நிக்கணும். சொந்த உபயோக வண்டிக்கு பதினஞ்சு வருஷம் தாண்டுனா மறுபதிவு, அது அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். அந்தத் தேதி எப்ப முடியுதுன்னு கேட்டுக்க.

சேசிஸ் நம்பரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுட்டுப் படி. எழுத்து ஒரே ஆழமா, ஒரே வரிசையா இருக்கணும். அப்படியே சேசிஸ் பூராவும் சுத்தியலால தட்டிக்கிட்டே போ. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், துரு தின்ன இடம் பொத்துன்னு கேக்கும். பின்பக்க பட்டா தொங்குற ஷாக்கிள் கிட்ட கண்டிப்பா தட்டு, அங்கதான் மண்ணு சேந்து ஈரம் நிக்கும்.

அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கு. மேல ஒரு கை, கீழ ஒரு கை வச்சு ஆட்டிப் பாரு. ஆடுனா வீல் பேரிங், இல்லேன்னா கிங் பின் பேரிங். ரோட்டுல ஐம்பது அறுபதுல போகும்போது ஸ்டீயரிங் பேய் பிடிச்ச மாதிரி உதறுதுன்னு சொல்றாங்க பாரு, பாதி நேரம் அது இதுதான், மீதி நேரம் டை ராட் முனை. ஷிம் சரியா வச்சு இறுக்கி, தேஞ்சதை மாத்துனா நின்னுரும். இதுக்குப் பயந்து நல்ல வண்டியை விட்ராத. விலையைக் குறைச்சுக் கேளு.

ஃபோர் வீலை மண்ணுல போட்டுப் பாரு, தார் ரோட்டுல போடாத. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். மண்ணுல அது வழுக்கிச் சரிக்கட்டிக்கும், தார்ல முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்ல பல்லெல்லாம் முறுக்கிக்கிட்டு கம்பியை எடுக்க வராது. அப்படி மாட்டிக்கிச்சுன்னா கம்பியோட மல்லுக்கட்டாம, கொஞ்ச தூரம் நேரா பின்னால எடு, தானா விட்டுரும். ரெண்டு கம்பி இருக்குற வண்டியில முன் சக்கர இழுவையைப் போட்ட பிறகுதான் லோ விழும். அது கோளாறு இல்ல, அமைப்பே அப்படி. லோவுல ஏத்தத்துல ஏறும்போது கம்பி தானா துள்ளி நியூட்ரலுக்கு வந்துச்சுன்னா மட்டும் யோசி. அது உள்ள கியர் பல்லு தேஞ்சது, செலவு பெருசு.

எஞ்சின் பத்தி ஒண்ணே ஒண்ணு. விக்கிறவன் முன்கூட்டியே ஓட்டி சூடாக்கி வச்சிருப்பான். நீ சொல்லாம விடிகாலையில போ. பானெட்ல கை வச்சு சில்லுன்னு இருக்கான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. ஹீட்டர் போட்டதும் எடுத்து, கொஞ்ச நேரத்துல புகை அடங்குனா நல்ல எஞ்சின். நீலப் புகை நிக்காம வந்துக்கிட்டே இருந்தா ரிங் போயிருச்சுன்னு அர்த்தம்.

பார்ட்ஸுக்குக் கவலைப்படாத. தேனியிலயும் மதுரையிலயும் கிடைக்காதது கோயமுத்தூர்ல கிடைக்கும், அங்கயும் இல்லாததை லேத்துல கடைஞ்சுக்கலாம். பின்னாடி பெஞ்சுல ஆள் உக்கார வைக்கிறதா இருந்தா, அந்தப் பொண்ணு எழுதுனதைப் படிச்சுட்டு, ஆர்.சி-யில எத்தனை சீட்டு இருக்கோ அத்தனைக்கும் பெல்ட் போட்டு, மேல கூண்டு வச்சு, ஆர்டிஓகிட்ட முறையா அனுமதி வாங்கிச் செய். வண்டியைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி ஆர்.சி-யை போட்டோ எடுத்து இங்க போடு, பாத்துச் சொல்றேன். நம்பரை மட்டும் மறைச்சுப் போடு.

மேகமலைத்_தம்பி

ரொம்ப நன்றி அண்ணே. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே போகிறேன். சுத்தியல் எடுத்துவைத்துவிட்டேன்.

ஏலக்காட்டு_மகள்

கூண்டும் பெல்ட்டும் போட எவ்வளவு ஆனது என்று இங்கேயே எழுதுங்கள் தம்பி. எங்கள் ஊரில் ஆள் ஏற்றுகிற இரண்டு மூன்று டிரைவர்களிடம் அதைக் காட்டிப் பேச வேண்டும்.